நாகம்மாளிடம் தொடங்குங்கள்: கொங்கு நாவல்களில் பெண்ணின் தன்னடையாளத்தைப் படிக்கும் முறை

இலக்கியத்தில் பெண்ணின் தன்னடையாளத் தேடலைப் படிக்க விரும்புகிறவர்கள், ‘நான் யார்’ என்று அவள் வாய்விட்டுக் கேட்கும் பக்கத்தையே முதலில் தேடுகிறார்கள். கொங்கு நாட்டுக் கதைகளுக்கு அந்த வழி அவ்வளவாக உதவாது. இங்கே அக்கேள்வி பெரும்பாலும் காடு (மானாவாரி நிலம்), தோட்டம், பாகம் என்ற சொற்களில்தான் எழும்.

1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பாகத்தைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். பகை முற்றி, கதை அவன் கொலை செய்யப்படுவதில் போய் முடிகிறது. முதல் முறை கதைக்காகவே படியுங்கள். இரண்டாம் முறை ஒரு நோட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, அவள் செய்வதையும் சொல்வதையும் இடப்பக்கத்திலும், ஊராரும் கதைசொல்லியும் அவளைப் பற்றிச் சொல்வதை வலப்பக்கத்திலும் குறித்து வாருங்கள். அடங்காதவள் என்ற பொருளில் ஊர் பேசும் ஒவ்வொரு இடத்திலும், அதற்குச் சற்று முன் அவள் என்ன கேட்டாள் என்று இடப்பக்கத்தில் பாருங்கள். அதற்காக அவளைக் குற்றமற்றவளாக்கிவிட வேண்டாம். அவளைத் தூண்டிவிடும் ஆண்களுக்கும் அந்த நிலத்தின்மேல் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் எழுதுங்கள்.

அவள் கேட்டதன் கனம் தெரிய, சட்டத்தின் காலத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல்தான் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை என்ற திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலும், நடுவண் அரசு 2005இலும் கொண்டுவந்தன. நாகம்மாள் கேட்டது விதவையின் பாகமே தவிர மகளின் பாகமன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டம் வந்த பிறகும், சீர் செய்தாயிற்று என்று சொல்லி மகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதன்று. முடிந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், “அம்மாயி, உங்க பேர்ல எப்பவாச்சும் பட்டா இருந்துச்சுங்களா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதிலும், பதிலுக்கு முந்தைய மௌனமும் நோட்டில் இடம்பெற வேண்டியவை.

அடுத்து, திருச்செங்கோட்டுப் பகுதியில் நிகழும் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). குழந்தையில்லாத பொன்னாவின் கதையில் நிலத்தின் இடத்தை உடல் எடுத்துக்கொள்கிறது. இங்கே நோட்டின் பக்கத்தில் மூன்றாவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு முடிவையும் எடுத்தவர் யார் என்று எழுதுங்கள். குழந்தை வேண்டி வேற்று ஆணுடன் கூட இடம்தரும் திருவிழா இரவுக்கு, கணவன் காளி சம்மதித்துவிட்டான் என்று நம்பித்தான் பொன்னா போகிறாள். அந்த நம்பிக்கை அவளுக்கு ஊட்டப்பட்டது என்பதைக் கவனிக்காமல் அவள் விருப்பத்தைப் பற்றிப் பேச முடியாது.

இந்த இரண்டு பெண்களும் ஆண்களின் எழுத்தில் உருவானவர்கள். ஆகவே கோவையில் 1944இல் பிறந்த பெண் எழுத்தாளர் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதையையும் உடன் படியுங்கள். களம் ராஜஸ்தான்தான், ஆனால் கேள்வி சமையலறைக்குள்ளிருந்தே எழுகிறது. அதைப் படித்த கையோடு நாகம்மாளின் நோட்டுக்குத் திரும்பி, அவள் சமையலறையில் இருக்கும் காட்சிகள் எத்தனை, வெளியே நடமாடும் காட்சிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.