ஆடும் மர நாற்காலியைச் சரிசெய்வது எப்படி? ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார வேலை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பலரும் முதலில் கை வைப்பது பெரிய வேலைகளில்தான். வீடு முழுக்கப் பெயிண்ட் அடிப்பது, பரணைக் காலி செய்வது, தோட்டத்தையே புரட்டிப் போடுவது. பாதியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், சாமான்கள் நடுவீட்டில் கிடக்கும், வீட்டில் இருப்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால், முதல் வேலை ஒரு மேசைக்குள் அடங்க வேண்டும். தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்கிற அளவில் இருக்க வேண்டும். மூட்டு கழன்று ஆடும் ஒரு மர நாற்காலி இதற்கு ரொம்பப் பொருத்தம். யாரும் உட்காராமல், துணி போடுவதற்கென்றே ஆகிப்போன நாற்காலி பல வீடுகளில் ஒன்றாவது இருக்கும்.

இதில் கைவேலை என்று பார்த்தால் சில மணி நேரம்தான். மற்றதெல்லாம் பசை காயவும் எண்ணெய் காயவும் காத்திருப்பது. விடுமுறை நாளில் மட்டும் இதைச் செய்கிறவர்கள் சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டுமே என்று ஈரப் பசையிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. பசை கேட்கிற 24 மணி நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஓய்வுக் காலத்தில் கையில் இருக்கும் பெரிய கருவி இந்த நேரம்தான்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

நாற்காலியைத் தட்டையான தரையில் வைத்து, இருக்கையின் மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஆடினால், அப்படியே அதைக் கால் பங்கு வட்டம் திருப்பி வைத்து மறுபடி அழுத்துங்கள். திருப்பியதும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை தரையில் இருக்கிறது, நாற்காலியில் இல்லை. எப்படித் திருப்பினாலும் ஆடுகிறதென்றால் அடுத்த சோதனை. ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதுகுச் சாய்வை முன்னும் பின்னும் அசையுங்கள். சட்டம் (கால்களை இணைக்கும் குறுக்குக் கட்டை) காலில் சேரும் இடத்தில் மெல்லிய கோடு போல இடைவெளி திறந்து மூடுவது கண்ணுக்குத் தெரியும். கிரீச் என்று சத்தமும் வரும். அதுதான் கழன்ற மூட்டு. எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தும் நாற்காலி ஆடினால், ஒரு கால் குட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூட்டு ஏன் கழல்கிறது என்று தெரிந்துகொண்டால் வேலை எளிது. ஈரமான காற்றில் மரம் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். இந்த மாற்றம் இழைக்கு, அதாவது மரத்தில் நீளமாக ஓடும் நார்க் கோடுகளுக்கு, குறுக்காகத்தான் நடக்கும். நீளவாக்கில் அநேகமாக இருக்காது. மூட்டில் ஒரு மரத்தின் இழை இன்னொன்றுக்குக் குறுக்காகப் போவதால், இரண்டும் ஒன்றையொன்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் நடுவிலுள்ள பசை விட்டுப்போகும். பின்கால் இரண்டில் மட்டும் நாற்காலியை நிறுத்திச் சாய்ந்து உட்காரும் பழக்கம் அதைச் சீக்கிரப்படுத்தும்.

என்னென்ன வேண்டும்?

மரத்துக்கான வெள்ளைப் பசை, ரப்பர் சுத்தியல் (இல்லாவிட்டால் சாதாரண சுத்தியலும், அடி விழும் இடத்தில் வைக்க ஒரு மரத்துண்டும்), திருப்புளி, பழைய கத்தி, தடித்த பருத்திக் கயிறு, ஒரு சாண் நீளக் குச்சி, 120, 180, 220 எண் உப்புத்தாள்கள், பென்சில், ஒட்டிப் பிரிக்கக்கூடிய காகித டேப், பழைய பருத்தித் துணி, தூசிக்கு முகக்கவசம். பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். விலை கூடிய கிளாம்ப் (ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கருவி) எதுவும் வேண்டியதில்லை, கயிறே போதும்.

உடம்புக்கும் கொஞ்சம் ஏற்பாடு தேவை. குனிந்து வேலை செய்யாதீர்கள். பழைய போர்வையை மேசையில் விரித்து, நாற்காலியை அதன்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். தூக்கக் கனமாக இருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கத்தி பிடிக்கும்போது தடித்த கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்; சின்னக் கீறலிலும் ரத்தம் நிற்க நேரமாகும். கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவர்கள் உப்புத்தாளை விரலால் பிடிக்காமல், உள்ளங்கை நிறைகிற மரக்கட்டையில் சுற்றிப் பிடிக்கலாம். தேய்ப்பும் சீராக வரும்.

முதல் நாள்: பிரிப்பது

முதலில் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் காகித டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். காலில் 1, அதில் சேரும் சட்டத்தின் முனையிலும் 1. பார்க்க எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும், ஒரு மூட்டின் முனை இன்னொரு மூட்டின் துளையில் சரியாக உட்காராது. இந்த ஐந்து நிமிஷ வேலையைத் தவிர்க்கவே கூடாது.

நாற்காலியைத் தலைகீழாக வைத்து அடியைப் பாருங்கள். இருக்கையின் மூலைகளில் முக்கோணக் கட்டைகள் திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கலாம். அவற்றைக் கழற்றுங்கள். மூட்டில் யாராவது முன்பு ஆணி அடித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆணி இருந்தால் அதை எடுத்த பிறகுதான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பிளந்துவிடும்.

இப்போது கழன்ற மூட்டுகளை மட்டும் மெதுவாகத் தட்டிப் பிரியுங்கள். இறுக்கமாக இருக்கிற மூட்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காமல், மூட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டினால் சட்டம் கோணாமல் வெளியே வரும். பாதி வந்து நின்றுவிட்டால், வினிகரை வெதுவெதுப்பாக்கி மூட்டின் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பழைய பசை இளகிக் கொடுக்கும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள்: பழைய பசையைச் சுரண்டுவது

பொறுமை அதிகம் தேவைப்படுவது இந்த நாளில்தான். பலன் அதிகம் தருவதும் இதுதான். வெள்ளைப் பசை மரத்தின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். காய்ந்த பழைய பசை அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தால், புதுப் பசை மேலோட்டமாக நின்று, சில மாதங்களில் மறுபடி விட்டுப்போகும். "ஒட்டினேன், நிற்கவில்லை" என்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் சுரண்டாமல் மேலேயே பசையை ஊற்றியிருப்பார்கள்.

சட்டத்தின் முனையைக் கத்தியின் விளிம்பால், உங்கள் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டுங்கள். பழைய பசை கண்ணாடிப் பொருக்கு மாதிரி பளபளத்து உதிரும். அதற்கு அடியில் மங்கலான, வெறும் மரம் தெரியும்போது நிறுத்துங்கள். மரத்தைச் செதுக்கிவிடக் கூடாது. முனை மெலிந்தால் மூட்டு இன்னும் தளர்ந்துவிடும். துளையின் உள்பக்கத்துக்கு, பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே விட்டுத் திருகுங்கள். அடியில் சேரும் தூளைத் தட்டிக் கொட்டிவிடுங்கள். வினிகர் பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள்.

மூன்றாம் நாள்: ஒட்டுவது

பசையைத் திறப்பதற்கு முன், பசை இல்லாமலேயே ஒருமுறை எல்லாவற்றையும் பூட்டிப் பாருங்கள். கயிற்றையும் கட்டிப் பாருங்கள். பசை தடவிய பிறகு நிதானமாகக் கை வேலை செய்ய ஐந்து முதல் பத்து நிமிஷம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் கயிற்றைத் தேடக் கூடாது.

பூட்டிப் பார்க்கும்போது முனை துளைக்குள் லொடலொடவென்று இருந்தால், பசையால் மட்டும் அந்த இடைவெளி அடையாது. வெள்ளைப் பசைக்கு மெல்லிய இடைவெளியில்தான் பலம். மெல்லிய மரச்சீவலை முனையின் இரு பக்கமும் பசை வைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கையால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்கு ஒரு நாள் கூடுதலாகும், பரவாயில்லை.

சரி, இப்போது பசை. சட்டத்தின் முனையிலும் துளையின் உள்சுவரிலும் மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் உள்ளே நுழைக்கும்போது பசை வழிந்து வெளியே வந்துவிடும். மூட்டுகளைப் பூட்டி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவையுங்கள். கால்களைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டுங்கள். கயிறு மரத்தில் தடம் பதிக்காமல் இருக்க, மூலைகளில் துணி மடித்து வையுங்கள். இரண்டு சுற்றுக்கும் நடுவில் குச்சியை நுழைத்து முறுக்குங்கள். முறுக்க முறுக்கக் கால்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடுவதும், மூட்டின் விளிம்பில் பசை சின்னச் சின்ன முத்தாக வெளியே வருவதும் தெரியும். அந்த முத்துகள் வந்தால் பசை போதுமான அளவு இருக்கிறது என்று நம்பலாம். அத்துடன் முறுக்குவதை நிறுத்தி, குச்சி திரும்பிவிடாமல் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தபின் அது தழும்பு மாதிரி நிற்கும், பூச்சும் அங்கே ஏறாது.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. முன் இடக்காலிலிருந்து பின் வலக்கால் வரை அளந்து பாருங்கள். அப்புறம் முன் வலக்காலிலிருந்து பின் இடக்கால் வரை. இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் உள்ள நாற்காலிக்கும் இது பொருந்தும். வித்தியாசம் இருந்தால், அளவு அதிகமாக உள்ள மூலைகளை இரு கைகளாலும் உள்நோக்கி அழுத்திச் சரிசெய்யுங்கள். பிறகு நாற்காலியைத் தட்டையான தரையில் நிமிர்த்தி வையுங்கள். 24 மணி நேரத்துக்கு யாரும் தொடக் கூடாது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அறையைச் சாத்திவையுங்கள்.

ஆணியோ திருகாணியோ ஒன்று அடித்துவிட்டால் இன்னும் பலமாக இருக்குமே என்று மனசு சொல்லும். வேண்டாம். மரம் உப்பிச் சுருங்கும்போது ஆணி வளைந்து கொடுக்காது, மரம்தான் பிளக்கும். பசை மூட்டு மறுபடி கழன்றாலும் இதே முறையில் ஒட்டிக்கொள்ளலாம். பிளந்த காலை ஒட்டுவது சிரமம்.

நான்காம் நாள்: குட்டைக் கால்

கயிற்றை அவிழ்த்துவிட்டு, முதலில் சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் ஆட்டம் நின்றிருக்கும். இன்னும் கொஞ்சம் ஆடினால், அழுத்தும்போது தரையைத் தொடாமல் நிற்கும் கால் எது என்று பார்த்து, அதன் அடியில் கம்பளித் துணி வில்லை ஒன்றை ஒட்டிவிடுங்கள். நீளமாகத் தெரிகிற காலை அறுத்துச் சரிசெய்யும் யோசனையை ஆரம்பத்தில் விட்டுவிடுவது நல்லது. ஒன்றை அறுத்தால் அடுத்தது நீளமாகத் தெரியும், நாற்காலி முக்காலி உயரத்துக்கு வந்து சேரும்.

ஐந்தாம் நாள் முதல்: தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும்

மேற்பூச்சு நன்றாக இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். மிகப் பழைய பெயிண்ட் அடித்த நாற்காலி என்றால் தேய்க்கவே வேண்டாம். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே 1978-ல்தான் வீட்டு உபயோகப் பெயிண்டில் அதைத் தடை செய்தார்கள். அந்தத் தூசி பெரியவர்களுக்கும் ஆபத்து, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

வெறும் மரமோ மங்கிய வார்னிஷோ என்றால், முகக்கவசம் போட்டுக்கொண்டு 120-ல் ஆரம்பித்து, 180, பிறகு 220 என்று போங்கள். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். எப்போதும் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பிவைத்துப் பார்த்தால் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணெய் வாங்கும்போது சீக்கிரம் காயும் வகை, அதாவது காய்ச்சியது என்று கேட்டு வாங்குங்கள். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் காயப் பல நாள் பிடிக்கும். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதையெல்லாம் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டாவது பூச்சு. இரண்டு மூன்று போதும்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்த கையோடு துணியை வெளியே தனியாக விரித்துப் போட்டு விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

கடைசிப் பூச்சு காய்ந்ததும், மூட்டுகளுக்கு அருகில் ஓட்டை உடைசல் எதுவும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, முக்கோணக் கட்டைகளைத் திரும்பப் பூட்டுங்கள். பிறகு இருக்கையில் இரண்டு வாளித் தண்ணீரை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதைத் தாங்கி, மறுநாள் அசைத்துப் பார்த்தும் சத்தம் வராவிட்டால், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நீங்கள் முதலில் உட்காருங்கள். வயதானவர்களை உட்காரச் சொல்வது அதற்கு அடுத்த நாள் போதும்.