புகைக்கு ஒரு பேரேடு

எங்கள் தெருவுக்கு மேற்கே, முக்கால் கிலோமீட்டரில் குப்பை எரிக்கும் உலை இருக்கிறது. முதல் வருடம் வெறுமனே சத்தம் போட்டேன். “ஆச்சி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வாயடைத்துப் போனேன். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த ஐயா காலணாவுக்கும் வரவு எழுதிய வீடு இது! அன்றே ஒரு நோட்டை எடுத்தேன்.

தேதி, மணி, புகையின் நிறம், நாற்றம், காற்றுத் திசை, வீட்டில் யாருக்கு இருமல் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். திசை பார்க்க மொட்டைமாடிக் கம்பியில் ஒரு வேட்டிக் கிழிசல் போதும். ஆடிக் காற்றில் புகை எங்கள் வீட்டுக்கு வரும். ஐப்பசியில் வாடைக் காற்று அதை உலைக்குத் தென்மேற்கே தள்ளும். அந்தப் பக்கத்திலும் ஒருவரை எழுத வையுங்கள். மார்கழி விடியலில் பனியோடு புகை தாழ்ந்து நிற்கும், அப்போது திசையே தெரியாது, அதையும் எழுதுங்கள். கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் நீராவி. கறுப்பென்றால் சரியாக எரியவில்லை என்று பொருள். ஒரே ஜன்னலிலிருந்து படம் எடுங்கள்.

வளவு முற்றத்தில் இரவு ஒரு எவர்சில்வர் தாம்பாளம் வைப்பேன். காலையில் ஈர வெள்ளைத் துணியால் துடைத்து, தேதி எழுதி உறையில் போடுவேன். துணி கறுத்தால் கரி விழுந்தது என்றுதான் சொல்லலாம். டையாக்ஸின் கண்ணுக்குத் தெரியாது.

பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது உண்டாவது அந்த நஞ்சு. அதில் மிகக் கொடிய வகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. மூச்சைவிட உணவு வழியாகத்தான் அது அதிகம் சேரும். மண்ணைக் கிளறி மேயும் கோழியின் முட்டையில் தங்கும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் உலையின் இரண்டாம் அறையில் 950 டிகிரி வெப்பத்தையும், அங்கே வாயு 2 விநாடியாவது தங்குவதையும் கேட்டன. உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும், மழையில் நனைந்த குப்பையைப் போடும்போதும் சூடு இறங்கும். எங்கள் நோட்டில் கறுப்புப் புகை பெரும்பாலும் விடிகாலையில்தான்.

அடுத்தது தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உலையை ஓட்ட வாரியம் கொடுக்கும் இயக்க இசைவாணை, கடைசி டையாக்ஸின் பரிசோதனை அறிக்கை, சாம்பலைக் கொட்டும் இடம் மூன்றையும் கேளுங்கள். முக்கியமாக, நோட்டில் நீங்கள் கறுப்பு என்று எழுதிய தேதிகளில் உலைக்குள் இருந்த வெப்பநிலையின் பதிவைக் கேளுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் ஐந்தொகை இடிக்கும் இடம் தெரியும்.

அதுவரை புகை நாளில் வற்றல் காயப்போடாதீர்கள். முற்றத்தில் விழும் முதல் மழையை அண்டாவில் பிடிக்காதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கொல்லையில் பாலித்தீன் பையைக் கொளுத்திவிட்டு உலையைத் திட்டுபவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் நோட்டின் நகலோடு மனுவை நீட்டினேன். எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.