மிக்சரில் கிடந்த கம்பித் துண்டு

மகளுக்குத் தட்டில் கொட்டிய மிக்சரில், வேர்க்கடலையோடு ஒட்டிக்கொண்டு துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று கிடந்தது. நல்லவேளை, வாய்க்குப் போகவில்லை. கோபத்தில் குப்பையில் வீசத்தான் தோன்றும்; வீசிவிட்டால் ஆதாரம் போச்சு. கம்பியைத் தொடாமல் போட்டோ எடுத்தேன். பேட்ச் எண், தயாரித்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண், கடை பில் எல்லாவற்றையும் படம் பிடித்து, மீதியைப் பாக்கெட்டோடு டப்பாவில் மூடி வைத்தேன்.

கடைக்காரர் வேறு பாக்கெட் நீட்டினார். அது வேண்டாம், அந்த பேட்சை விற்காதீர்கள் என்றேன். சரி என்று ஒதுக்கி வைத்தார். அப்புறம் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படங்களோடு புகார் அனுப்பினேன். அலுவலர் வந்து, ஒதுக்கிய பாக்கெட்டுகளிலிருந்து மாதிரி எடுத்துப் போனார். எனக்குப் பாக்கெட்டுக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைப்பதைவிட இதுதான் பெரிது; அதே பேட்ச் இன்னொரு பிள்ளையின் தட்டிலும் விழுமே! கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.