காது, மூக்கு, கண், தொண்டை: எதையும் ஊற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

காது வலித்தால் எண்ணெய், கண் சிவந்தால் தாய்ப்பால், மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து படு, தொண்டை வலித்தால் மெடிக்கலில் மூன்று நாள் மாத்திரை. நம் வீடுகளில் கை முதலில் போவது இங்கேதான். இந்த நான்கு இடத்திலும் வரும் தொந்தரவுகளில் பல தானாகவே அடங்கக்கூடியவை. என்ன கோளாறு என்று பார்க்காமலே உள்ளே எதையாவது விடுவதால்தான் பல நேரம் சின்ன விஷயம் பெரிதாகிறது. அதனால் ஒவ்வொன்றிலும் முதலில் எதைப் பார்ப்பது, பிறகு என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறோம். கையில் இருக்க வேண்டியவை: செல்போன் டார்ச், தெர்மாமீட்டர், ஒரு ஸ்பூன், கடிகாரம்.

காது வலி

காதுமடலைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுங்கள். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை விரலால் அமுக்குங்கள். அப்போது சுரீரென்று வலித்தால் புண் வெளிக்குழாயில் இருக்கிறது. பட்ஸோ ஊக்கோ வைத்துக் குடைந்திருப்பார்கள், இல்லையென்றால் குளித்த தண்ணீர் உள்ளே தங்கியிருக்கும். இதற்கு டாக்டர் எழுதும் சொட்டு மருந்து வேண்டும். அதுவரை காதை நனைக்காதீர்கள்.

இழுத்தாலும் அமுக்கினாலும் வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் இரண்டு மூன்று நாளாகச் சளி, ராத்திரி படுத்ததும் குழந்தை வீறிட்டு அழுகிறது என்றால் கோளாறு செவிப்பறைக்குப் பின்னால். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சளியால் அடைபட்டு, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. வெளியே ஊற்றும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டிப் போகாது. பூண்டு காய்ச்சிய சூட்டோடு ஊற்றினால் செவிப்பறை வெந்துபோகும்.

இங்கே வேலை செய்வது பாராசிட்டமால்தான். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம். தவறு நடப்பது பாட்டிலில்தான். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் இந்தக் குழந்தைக்கு 7 மில்லி, இரண்டாவதில் 3.5 மில்லி. 'போன தடவை 7 மில்லி கொடுத்தோமே' என்று லேபிளைப் பார்க்காமல் ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும்.

காதில் சீழ் வடிவது, காதுக்குப் பின்னால் வீங்கிக் காதுமடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்காதது: இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

காது அடைப்பு

வலி இல்லை, காது மந்தமாகக் கேட்கிறது. பெரும்பாலும் குறும்பிதான். ஆனாலும் உறுதி செய்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. குறும்பியோ நீரோவாக இருக்கலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் கோளாறு நரம்பில் இருக்கக்கூடும். ஒரே நாளில் திடீரெனக் காது மந்தமாகி, முனகலும் நல்ல காதுப் பக்கம் போனால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. நாள் தள்ளத் தள்ள பலன் குறையும். 'அழுக்கு அடைத்திருக்கும்' என்று ஒரு மாதம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்து கேட்கும் திறனை இழப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த முனகல் சோதனையைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

குறும்பி அழுக்கு அல்ல. காதுக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பட்ஸ் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. நுனியில் ஒட்டி வருவது கொஞ்சம், உள்ளே கெட்டித்துப்போவது மீதி. பெரியவர்களின் காதுக்குழாயே 2.5 சென்டிமீட்டர்தான், அதன் முடிவில் செவிப்பறை.

முன்பு எப்போதாவது காதில் சீழ் வடிந்ததோ, செவிப்பறையில் ஓட்டையோ, ஆபரேஷனோ இல்லையென்றால் இப்படிச் செய்யலாம்:

1. மருந்துக்கடையில் சோடியம் பைகார்பனேட் கலந்த காது சொட்டு மருந்து, அல்லது ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள்.
2. பாட்டிலை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பிடித்து உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்த சொட்டு விழுந்தால் தலை கிறுகிறுக்கும்.
3. ஒருக்களித்துப் படுத்துக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. அப்போதுதான் வளைந்த குழாய் நேராகும்.
4. 3 சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். ஒரு நாளைக்கு 3 முறை, 5 நாள்.

இரண்டாம் நாள் அடைப்பு அதிகமாகலாம். குறும்பி ஊறிப் பருப்பதால் அப்படி, பயந்து குடையாதீர்கள். ஐந்து நாளில் சரியாகாவிட்டால் டாக்டர் உறிஞ்சியோ தண்ணீர் பீய்ச்சியோ எடுத்துவிடுவார். ஊறிய குறும்பி எளிதாக வரும்.

அரிப்புதான் அதிகம், கறுப்புப் பொடி போலவோ ஈரக் காகிதம் போலவோ ஏதோ தெரிகிறது என்றால் அது பூஞ்சை. அதற்கு எண்ணெயே விடக்கூடாது. பயறு, கடலை மாட்டிக்கொண்டால் தண்ணீர் விடாதீர்கள், ஊதிப் பெருத்துவிடும். பொத்தான் பேட்டரி மாட்டியிருந்தால், காதோ மூக்கோ, எந்தச் சொட்டும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும்.

மூக்கில் ரத்தம்

ரத்தம் பெரும்பாலும் மூக்கின் இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டின் முன்பகுதியில் இருக்கும் மெல்லிய நாளங்களிலிருந்துதான் வரும். விரலுக்கு எட்டும் இடம் என்பதால்தான் பிடித்தால் நிற்கிறது.

உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்யுங்கள். மேலே எலும்பாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, கீழே மெத்தென்று இருக்கும் பகுதி முழுவதையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மூச்சு. வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம், கையை எடுக்காமல். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'நின்றுவிட்டதா' என்று எடுத்துப் பார்ப்பதுதான் நிற்காமல் போவதற்கு முதல் காரணம். அண்ணாந்து படுத்தால் ரத்தம் நிற்பதில்லை. தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய் வாந்தியாக வரும்.

நிற்கவில்லை என்றால் இன்னொரு 10 நிமிடம். அப்படியும் ஒழுகினால், அல்லது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், பிடித்த பிடியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றபின் ஒரு நாள் மூக்கைச் சிந்தக்கூடாது. காய்ந்து பொருக்குத் தட்டாமலிருக்க ஒரு வாரம் வாஸ்லின் தடவுங்கள்.

மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். அந்த மருந்தே பிறகு அடைப்பை உண்டாக்கும். குழந்தைக்கு ஒரே ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி ஒழுகினால், உள்ளே மணியோ ஸ்பாஞ்சோ ஏதோ மாட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண் சிவப்பு

பீளையைப் பாருங்கள். தண்ணீராக ஒழுகி, ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் பரவினால் அநேகமாக வைரஸ். நாம் மெட்ராஸ் ஐ என்பது இதைத்தான். மஞ்சளாகக் கெட்டியாக வந்து காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியா. இரண்டு கண்ணும் அரித்தால் ஒவ்வாமை. மெட்ராஸ் ஐ ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். தனித் துண்டு, தனித் தலையணை, அடிக்கடி கை கழுவுவது, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் உள்மூலையிலிருந்து வெளியே ஒரே இழுப்பில் துடைப்பது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு.

பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமை, கடும் வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவை மெட்ராஸ் ஐ கணக்கில் சேராது, அன்றைக்கே கண் டாக்டர். நெல் தாளோ கரும்புச் சோகையோ கண்ணில் பட்டு உறுத்தினால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பூஞ்சைப் புண் வரலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பை உடனே குறைத்துக்காட்டும். உள்ளே பூஞ்சை கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கிக் கண்ணில் தெறித்துவிட்டால், ஆட்டோ தேடி ஓடாதீர்கள். முதலில் குழாயடி. இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தண்ணீர் விட வேண்டும். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்குகளை ஈரப் பஞ்சால் எடுங்கள், ஒட்டியிருக்கும் வரை அது வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி.

தொண்டை வலி

ஸ்பூனின் கைப்பிடியால் நாக்கை அமுக்கி டார்ச் அடியுங்கள். நான்கு கேள்வி: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலா? டான்சிலில் வெள்ளைத் திட்டா? தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறதா? இருமல் இல்லாமல் இருக்கிறதா? மூன்றுக்காவது 'ஆம்' வந்தால் டாக்டரைப் பாருங்கள், பாக்டீரியாவாக இருக்கலாம். அவர் பத்து நாள் எழுதிக்கொடுத்தால் பத்து நாளும் சாப்பிட வேண்டும். அரைகுறையாக விட்ட இந்தத் தொற்று, குறிப்பாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, இதய வால்வைக் கெடுக்கும் காய்ச்சலாகத் திரும்பலாம்.

மூக்கொழுகல், இருமலோடு வந்த தொண்டை வலி அநேகமாக வைரஸ். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒரு நாளைக்கு நான்கு முறை கொப்பளித்தால் போதும், ஒரு வாரத்தில் அடங்கும். வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் வாயில் சூடான சோறு வைத்துப் பேசுவது போலக் குழறினால், டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கும். அப்போது டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.