பென்சன் எடுக்கும் அம்மாவை ஊருக்கு அனுப்பும் முன் மாதத்தை எண்ணுங்கள்

பெற்றோரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தவர்களும் புதிதாக வந்திறங்கிய வன்னி உறவுகளும் இதை வாசியுங்கள். இலங்கையில், கிளிநொச்சித் தருமபுரத்தில் அம்மாவின் விறாந்தையில் இருந்துதான் எழுதுகிறேன்.

பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 65, அதோடு 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 10 வருட வசிப்பு இருந்தால் முதியோர் பென்சன், வருமானம் குறைவென்றால் அதற்கு மேலே ஜிஐஎஸ் என்ற கூடுதல் கொடுப்பனவு. ஒன்டாரியோவில் 65 வயதானால் மருந்துச் சலுகையும் உண்டு, பஸ்ஸிலும் கட்டணம் குறைவு. ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜூலையில் ஜிஐஎஸ் நின்றுவிடும். சரி.

எங்களைக் கவிழ்த்தது வேறு. அம்மா 2011இல் வந்தவர், 2021இல் பென்சன் தொடங்கியது. 2022 ஒக்டோபரில் ஊருக்கு வந்தார், ஏப்ரலில் திரும்புவதாகத்தான் இருந்தது. வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அப்புறம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கி, கடைசியில் விமானம் ஏறியது ஓகஸ்டில். அதுவரை மாதாமாதம் காசு வங்கியில் விழுந்துகொண்டே இருந்தது, அதனால் எல்லாம் சரி என்றே இருந்துவிட்டோம். ஊரில் கொடுப்பனவு எடுப்பவர் கண்ணில் படாவிட்டால் கிராம அலுவலரே விசாரிப்பார். அங்கே அப்படி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நாட்டை விட்டு வெளியேறிய நாள் பதிவில் இருக்கிறது.

கடிதம் வந்தது. புறப்பட்ட மாதத்தை விட்டு அடுத்த ஆறு மாதம்தான் கணக்கு, அதாவது ஏப்ரல் வரை. மே, ஜூன், ஜூலை மூன்று மாதக் காசையும் திருப்பிக் கட்டு என்று. கடிதத்தை அம்மா மடித்து மடித்து நாலாக்கி தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். ஒருவரிடமும் ஒரு சதம் கடன்படாத மனிசி, அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தொலைபேசியில் கேட்டு, மாதம் கொஞ்சமாகக் கழிக்கச் சொல்லி ஒழுங்கு செய்தோம். நீங்களும் அப்படிக் கேட்கலாம், பயப்பட வேண்டாம்.

கனடாவில் 20 வருடம் இருந்தவர்களுக்கு ஆறு மாதம் தாண்டி வெளியே இருந்தாலும் பென்சன் வரும், ஆனால் ஜிஐஎஸ் அவர்களுக்கும் நின்றுவிடும். 20க்குக் குறைவென்றால் இரண்டும் நின்றுவிடும். தங்கவேண்டி வந்தால் முன்னரே அறிவித்துவிடுங்கள், திரும்பியதும் மறுபடி தொடங்குவார்கள். ஒன்டாரியோ ஹெல்த் கார்டுக்கு வேறு கணக்கு, 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. அது போனால் மருந்துச் சலுகையும் போகும்.

இந்த முறை டிசம்பர் தொடக்கத்தில் வந்தோம், ரிக்கெட் ஜூன் நடுவில். சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு மாத முடிவிலும் அம்மாவே பென்சிலால் கோடு போடுகிறார், பொங்கல் வரும் திங்கட்கிழமையைச் சுற்றி மட்டும் வட்டம்.