ஜீப்ரா மீனை வைத்து மரபணு லைப்ரரி திட்டமிடுவோம் (முதல்முறை செய்பவர்களுக்கு)

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஜீப்ரா மீன் பார்த்திருப்பீர்கள், தலையிலிருந்து வால்வரை நீலக் கோடு ஓடும், விரல் நீளம்கூட வராது. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிற மீன் இது. இதன் முழு ஜீனோம் (ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ) 2013இல் நேச்சர் இதழில் வெளியானது: ஏறக்குறைய 140 கோடி பேஸ் (டிஎன்ஏவின் எழுத்துகள்), புரதம் செய்யும் மரபணுக்கள் 26,000க்கு மேல், மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனிடம் ஒரு உறவுக்கார மரபணு உண்டு. வடசென்னைப் பக்கம் பயோடெக் படிக்கிற தம்பி தங்கைகள் பலர் லைப்ரரி வகைகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு, பிராஜெக்ட் என்று வரும்போது எதை எடுப்பது என்று திணறுகிறார்கள். அவர்களுக்காக இந்த மீனை வைத்தே சொல்கிறேன். லைப்ரரி என்றால் தேடி எடுக்க வசதியாகச் சேர்த்துவைத்த தொகுப்பு; மரபணு லைப்ரரி என்றால் ஓர் உயிரின் டிஎன்ஏ துண்டுகளை பாக்டீரியாவுக்குள் வைத்துச் சேர்த்த தொகுப்பு. பேப்பர், பேனா, போன் கால்குலேட்டர் போதும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

லைப்ரரியின் பெயரை இப்போது எழுதவே வேண்டாம், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். "காசிமேட்டுப் பக்கம் துண்டு போட்டு விற்கிற வஞ்சிரம் நிஜமாகவே வஞ்சிரம்தானா?" என்பது உங்கள் கேள்வியா? அப்படியானால் நீங்கள் எந்த லைப்ரரியும் தயாரிக்க வேண்டியதில்லை. டிஎன்ஏ பார்கோடு லைப்ரரி ஏற்கனவே இருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு 2003இல் முன்வைத்த முறை அது; மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவில் சுமார் 650 பேஸ் நீளத் துண்டைப் படித்து, போல்டு அல்லது ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் இனம் தெரிந்துவிடும். ஒரு புரதத்தை இறுக்கிப் பிடிக்கிற ஆன்டிபாடி வேண்டுமா, ஃபேஜ் டிஸ்ப்ளே லைப்ரரி (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல் புரதங்களை ஏற்றிவைத்த தொகுப்பு). மருந்தாகக்கூடிய மூலக்கூறு வேண்டுமா, வேதிச்சேர்ம லைப்ரரி. இவை இரண்டுமே பெரிய ஆய்வுக்கூட வேலை, கல்லூரி பிராஜெக்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

படி 2: ஜீனோம் லைப்ரரியா, சிடிஎன்ஏ லைப்ரரியா?

பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று முடிவுசெய்கிற புரோமோட்டர், நடுவில் வந்தும் புரதத்துக்குப் பயன்படாத இன்ட்ரான் எல்லாம் வேண்டுமென்றால் ஜீனோம் லைப்ரரி. மீனின் எந்தத் திசுவிலிருந்து எடுத்தாலும் அநேகமாக அதே டிஎன்ஏதான். சிடிஎன்ஏ அப்படி இல்லை. அந்த நேரத்தில் அந்தத் திசுவில் ஓடிக்கொண்டிருக்கிற எம்ஆர்என்ஏவை (வேலை செய்யும் மரபணுவின் ஆர்என்ஏ நகல்) எடுத்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்சைமை வைத்து டிஎன்ஏவாகத் திருப்பி எழுதுகிறோம், அதனால் இன்ட்ரான் இருக்காது, கண்ணிலிருந்து எடுத்த லைப்ரரியும் ஈரலிலிருந்து எடுத்த லைப்ரரியும் வேறு வேறாக இருக்கும். மீன் புரதத்தை பாக்டீரியாவுக்குள் செய்யவைக்க வேண்டும் என்றால் சிடிஎன்ஏதான் சரி, ஏனென்றால் இன்ட்ரானை வெட்டித் தள்ள பாக்டீரியாவுக்குத் தெரியாது.

படி 3: மாதிரியை யோசியுங்கள்

ஐஸில் நாள்கணக்கில் கிடந்த மீன் பார்கோடுக்குத் தாங்கும். சிடிஎன்ஏக்குத் தாங்காது, ஆர்என்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும், நம் விரலில் இருக்கிற என்சைமே அதைத் தின்றுவிடும். உயிருள்ள மீனில் கைவைக்கும் முன்பு கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

படி 4: எத்தனை குளோன் வேண்டும்?

குளோன் என்றால் ஒரே டிஎன்ஏ துண்டின் நகல்களைச் சுமக்கும் பாக்டீரியாக் கூட்டம்; அந்தத் துண்டை உள்ளே சுமந்து போகும் டிஎன்ஏதான் வெக்டர். ஜீனோம் லைப்ரரி என்று வைத்துக்கொள்வோம். பாக் (BAC) என்ற வெக்டரில் ஒரு துண்டு சுமார் 1.5 லட்சம் பேஸ் பிடிக்கும். 140 கோடியை 1.5 லட்சத்தால் வகுத்தால் 9,333. அப்படியானால் 9,333 குளோன் போதுமா? போதாது. குளோன்கள் வரிசைப்படி வருவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோலத்தான், ஒரே துண்டு மூன்று முறை வரும், இன்னொன்று வரவே வராது. 9,333 குளோன் எடுத்தால் நீங்கள் தேடுகிற மரபணு அதில் இருக்க 63 சதவீத வாய்ப்புதான். 99 சதவீதம் வேண்டுமென்றால் அந்த எண்ணை 4.6ஆல் பெருக்குங்கள்: சுமார் 43,000. இந்த 4.6 எங்கிருந்து வந்தது என்றால், தவறவிடும் வாய்ப்பு 1 சதவீதம், அதாவது 0.01; 0.01இன் இயல் மடக்கை மைனஸ் 4.605. புத்தகத்தில் இருக்கிற கிளார்க்–கார்பன் சூத்திரமும் இதே விடையைத்தான் தரும், ஆனால் அதில் மிகச் சிறிய பின்னம் வருவதால் சில போன் கால்குலேட்டர்கள் தசமத்தை வெட்டித் தப்பாகக் காட்டும், குறுக்குவழியே நல்லது.

இதையே லாம்டா ஃபேஜ் என்ற வைரஸ் வெக்டரில், துண்டுக்கு 20,000 பேஸ் என்று போட்டுப் பாருங்கள். 3,22,000 வரும். வெக்டரை மாற்றினால் வேலை ஏழரை மடங்கு கூடுகிறது! இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கெமிக்கல் ஆர்டர் செய்யாதீர்கள்.

படி 5: வெட்டுவதும் ஒட்டுவதும்

நாலு பேஸ் அடையாளம் பார்த்து வெட்டும் என்சைம், சராசரியாக 256 பேஸுக்கு ஒருமுறை வெட்டும். முழுசாக வெட்ட விட்டால் எல்லாம் பொடிப்பொடியாகிவிடும். அதனால் என்சைமைக் குறைத்து, நேரத்தையும் குறைத்து, அரைகுறையாக வெட்டி, ஜெல்லில் ஓட்டி, வேண்டிய நீளத் துண்டுகளை மட்டும் எடுங்கள். அப்புறம் வெக்டரில் ஒட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்புங்கள்.

படி 6: சரிபார்த்தல்

எக்ஸ்-கால் (நீல நிறம் தரும் வேதிப்பொருள்) போட்ட தட்டில் வெள்ளைக் காலனிகளை எடுங்கள், நீலம் என்றால் வெக்டர் காலி. வெள்ளையிலும் இருபதை எடுத்து உள்ளே எவ்வளவு நீளத் துண்டு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். சராசரி 1.5 லட்சத்துக்குப் பதில் 1 லட்சம் என்று வந்தால் 43,000 போதாது, சுமார் 64,000 ஆகும். படி 4க்குத் திரும்பிப் போங்கள்.

படி 7: சேமிப்பு

384 குழித் தட்டில் 43,000 குளோனுக்கு 112 தட்டுகள். கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். இரண்டு நகல் எடுத்து வேறு வேறு ஃப்ரீசரில் வைப்பது நல்லது, கரன்ட் போனால் ஒன்றாவது மிஞ்சும்.

முழு ஜீனோமையும் படிப்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் பாக்டீரியாவே தேவையில்லை. டிஎன்ஏவைச் சில நூறு பேஸ் துண்டுகளாக உடைத்து இரு முனையிலும் அடாப்டர் (வரிசை தெரிந்த சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டினால் அது சீக்வென்சிங் லைப்ரரி. இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் நடப்பது இதுதான். வருகிற தரவைப் படிக்க பயோபைதான் என்ற இலவச மென்பொருள் லைப்ரரி இருக்கிறது, அதை வீட்டிலிருந்தே இன்றைக்கே பழக ஆரம்பிக்கலாம்.