பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள்: நீலகிரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் இப்போது அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கின்றன. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அரை நாள் காத்துக் கிடந்த வேலை போனிலேயே முடிகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் "அதான் ஆன்லைன்ல இருக்கே" என்று பீரோவைக் காலி செய்கிறார்களே, அதுதான் முதல் தவறு.

நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்பதைத் தளம் காட்டும். அந்த நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்பதற்குப் பழைய பத்திரம்தான் பேச வேண்டும். அதிலுள்ள சர்வே எண் உட்பிரிவாகியோ மறு அளவையில் மாறியோ போயிருக்கும். பழையதையும் புதியதையும் பொருத்திக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும். 30 ஆண்டு தாண்டிய ஆவணம் உரிய இடத்தில் பாதுகாக்கப்பட்டு வந்திருந்தால், அதன் கையெழுத்தை உண்மை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வழியுண்டு. அந்தச் சலுகை அசலுக்குத்தான், ஜெராக்ஸுக்கு இல்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, கோத்தகிரியிலும் கூடலூர், பந்தலூர் பக்கமும் குடியேறிய குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையும் போனில் டவுன்லோடு செய்துகொள்கிற சமாச்சாரம் இல்லை. பேரப்பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சரி, பத்திரமாக வைக்கிறேன் என்று நேரே லேமினேஷன் கடைக்குப் போவது அடுத்த தவறு. சூட்டில் உருகும் பசை காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். அப்புறம் கிழிக்காமல் பிரிக்க முடியாது. ஆடி மாதத்துக் கூடலூர் ஈரத்தில் ஊறிய பத்திரத்தை அப்படியே லேமினேட் செய்தால் ஈரமும் உள்ளேயே அடைபடும். கொஞ்ச நாளில் முத்திரையைச் சுற்றிப் பழுப்புத் திட்டுகள் தெரியும். செலோடேப்பும் இதே ரகம்தான்: டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிற்கும். தை, மாசியில் வெயில் காயும் ஒரு நாளில் வெளியே எடுத்து, நிழலில் பிரித்து உலர்த்தி, துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரைத் தொடாத அலமாரியில் வையுங்கள். அந்துருண்டையைக் காகிதத்தின் மேலேயே போட வேண்டாம். போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது, ஆனால் அது அசலுக்குத் துணை மட்டுமே.

நிலத்தின் பழைய அரசு ஆவணங்களைத் தேடும்போது நடக்கும் தவறு வேறு. "நீலகிரி விவகாரம், ஊட்டி கலெக்டர் ஆபீஸில் இருக்கும்" என்று நினைக்கிறோம். நீலகிரிக்குத் தனிக் கலெக்டர் வந்ததே 1882இல்தான். 1868இல் கமிஷனரின் கீழ் தனி மாவட்டமாகும் வரை இந்த மலை கோயம்புத்தூரோடு இருந்தது; நடுவில் 1830 முதல் 1843 வரை ஒரு பகுதி மலபாரோடு போய் வந்தது. கூடலூர், பந்தலூரை உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் நீலகிரிக்கு வந்தது. ஆகவே குந்தாவுக்குப் பொருந்துவது கூடலூருக்குப் பொருந்தாது. கூடலூர்ப் பக்கத்து ஜன்ம நிலத்தின் (மலபார் வழக்கப்படி பரம்பரை உரிமையுள்ள நிலம்) 1860களைத் தேடுகிறவர் மலபார் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். கோழிக்கோட்டிலுள்ள கேரள அரசின் வட்டார ஆவணக் காப்பகம் அதற்கு ஓர் இடம். குன்னூர்க்காரர் அதே காலத்துக்குக் கோயம்புத்தூர் மாவட்ட ஆவணங்களைக் கேட்க வேண்டும். அவை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் பகுதி எந்த ஆண்டு யாரிடம் இருந்தது என்பது 1908இல் வந்த மாவட்ட கெசட்டியரில் (மாவட்ட விவரத் தொகுப்பு நூல்) இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

கடைசியாக, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் காப்பகத்துக்குப் போய் "எங்க ஹட்டி (படகர் ஊர்) பத்தி என்ன இருக்கோ எல்லாம் குடுங்க" என்று கேட்பது. அங்கே ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆவணக் கட்டு வெளியே வராது. துறை, ஆண்டு, அரசாணை எண், தேதி இவற்றை வைத்துத்தான் தேடி எடுப்பார்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ மங்கலாக ஓர் எண்ணும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத் தனியே குறித்துக்கொண்டு, அடையாள அட்டையோடும் என்ன தேடுகிறீர்கள் என்று எழுதிய விண்ணப்பத்தோடும் போங்கள்.